லஞ்சப் பொறி வழக்கு: கை நிறம் மாறினால் வழக்கு முடிந்துவிட்டதா?

பவுடர் தடவிய நோட்டுகளைக் கொடுத்து, லஞ்சம் வாங்கும்போதே பிடிக்க வைக்கும் பொறியில் சிக்கிய அரசு ஊழியரின் விரல்களைக் கண்ணாடி டம்ளரில் இருக்கும் கரைசலில் முக்குவார்கள். நிறமே இல்லாத தண்ணீர் போல் இருந்தது ரோஸ் நிறமாக மாறும். அந்த நொடியில் எல்லாம் முடிந்தது என்று அவர் நினைப்பார். சக ஊழியர்களும் அப்படியே நினைப்பார்கள். மறுநாள் பேப்பரில் 'கையும் களவுமாக' என்று படிக்கிற ஊரும் அதையே நினைக்கும். சட்டம் அப்படி நினைப்பதில்லை. பவுடர் தடவிய ஏதோ ஒன்றை அந்தக் கை தொட்டது என்பதற்கு மேல் அந்த நிறம் எதையும் சொல்வதில்லை. கேட்டு வாங்கினாரா, திணிக்கப்பட்டதா, கொடுத்த கடன் திரும்பி வந்ததா, அரசுக் கட்டணம் என்று நினைத்து வாங்கினாரா? வழக்கு முழுக்க இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் அரசு ஊழியர்கள் மீது வரும் ஊழல் வழக்குகளில் இரண்டு வகைகளை அதிகம் பார்க்கலாம். ஒன்று வருமானத்துக்கு மீறிய சொத்து வழக்கு. அது வரவு, செலவு, சொத்து மதிப்பு என்று ஆண்டுக் கணக்கில் நீளும் கணக்கு வழக்கு. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். இன்னொன்று பொறி வழக்கு. கிராம நிர்வாக அலுவலர், நில அளவர், மின்வாரிய உதவிப் பொறியாளர், சார்பதிவாளர் அலுவலக ஊழியர் போன்றோர் பெரும்பாலும் சந்திப்பது இதைத்தான். இந்தக் கட்டுரை பொறி வழக்கைப் பற்றியது. சிக்கியவர், அவர் குடும்பம், முதல்முறை இப்படியொரு வழக்கை எடுக்கும் இளம் வழக்கறிஞர் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது.

முதலில் சம்பவத் தேதியைப் பாருங்கள்

அடிப்படைச் சட்டம் ஊழல் தடுப்புச் சட்டம், 1988. அது 2018 ஜூலை 26 முதல் பெரிய அளவில் திருத்தப்பட்டது. அதற்கு முன் நடந்த சம்பவங்களுக்குப் பழைய 7-ஆம் பிரிவும், பதவியைத் தவறாகப் பயன்படுத்தி ஆதாயம் பெறுவது பற்றிய, இப்போது நீக்கப்பட்டுவிட்ட 13(1)(டி) பிரிவும் பொருந்தும். அதற்குப் பின் நடந்தவற்றுக்குப் புதிய 7-ஆம் பிரிவு. 'முறையற்ற ஆதாயத்தை' பெறுவது, ஏற்பது, பெற முயல்வது எல்லாமே அதன்படி குற்றம். தண்டனை குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு, கூடவே அபராதம். 2014 ஜனவரிக்கு முன் இதே 7-ஆம் பிரிவின் தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரைதான் இருந்தது. குற்றம் நடந்த நாளில் இருந்த தண்டனையைவிடக் கூடுதலாக யாருக்கும் தர முடியாது என்கிறது அரசமைப்பின் 20-ஆவது கூறு. பழைய வழக்குகள் இன்னும் நீதிமன்றங்களில் ஓடிக்கொண்டிருப்பதால், குற்றச்சாட்டு எந்தச் சட்டத்தின்படி வனையப்பட்டிருக்கிறது என்று சரிபார்ப்பது முதல் நாள் வேலை. இந்தக் குழப்பம் நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது.

புகார்தாரர் நிலையும் தெரிந்திருக்க வேண்டும். 2018-க்குப் பின் லஞ்சம் கொடுப்பதும் 8-ஆம் பிரிவின்படி குற்றம். கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் காவல்துறையிடம் சொல்லிவிட்டால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. முன்கூட்டியே புகார் கொடுத்துவிட்டு, லஞ்சம் கேட்டவரைப் பிடிக்க உதவியாகப் பணம் கொடுப்பவருக்கும் பாதுகாப்பு உண்டு. பொறி வழக்கில் புகார்தாரர் நிற்பது இந்தக் கடைசிப் பாதுகாப்பின் கீழ்தான்.

பொறி எப்படி வைக்கிறார்கள்

தமிழ்நாட்டில் இந்த வேலையைச் செய்வது 1964-இல் தொடங்கப்பட்ட லஞ்ச ஒழிப்புத் துறை. முழுப்பெயர் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம். மத்திய அரசு ஊழியர் என்றால் சி.பி.ஐ. நடைமுறை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பட்டா மாறுதலுக்கு ரூ.5,000 கேட்டதாக ஒரு கிராம நிர்வாக அலுவலர் மீது புகார் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

புகார்தாரர் எழுத்துமூலம் புகார் தருகிறார். முதல் தகவல் அறிக்கை பதிவாகி நீதிமன்றத்துக்குப் போகிறது. வேறு துறைகளிலிருந்து இரண்டு அரசு ஊழியர்களைச் சாட்சிகளாக வரவழைக்கிறார்கள். புகார்தாரர் கொண்டுவந்த நோட்டுகளின் எண்கள் குறிக்கப்படுகின்றன. பிறகு செயல்விளக்கம். நோட்டுகளில் பினாப்தலீன் பவுடர் தடவப்படுகிறது. அது வெள்ளைப் பொடி, நோட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாது. ஒரு சாட்சி அந்த நோட்டைத் தொட்டுவிட்டு சோடியம் கார்பனேட் கரைசலில் விரல்களை நனைக்கிறார். கரைசல் ரோஸ் நிறமாகிறது. பினாப்தலீனுக்குத் தனியாக நிறம் கிடையாது, காரத்தன்மை உள்ள கரைசலில்தான் நிறம் காட்டும். சலவைச் சோடா கலந்த தண்ணீர் அதற்குப் போதும். இதையெல்லாம் எழுதி ஒப்படைப்பு மகஜர் (சாட்சிகள் முன் எழுதும் பதிவு) தயாரித்து, பணத்தைப் புகார்தாரரின் சட்டைப்பையில் வைக்கிறார்கள்.

அதன்பின் சொல்லப்படும் அறிவுரைகள்தான் வழக்கின் உயிர். புகார்தாரரிடம், 'அவர் கேட்டால் மட்டும் கொடுங்கள், கை குலுக்காதீர்கள், வாங்கியதும் முகத்தைத் துடைத்துச் சைகை காட்டுங்கள்' என்கிறார்கள். முதல் சாட்சியிடம், 'கூடவே போங்கள், நடப்பதைப் பாருங்கள், பேசுவதைக் கேளுங்கள்' என்கிறார்கள். இரண்டாம் சாட்சி அதிகாரிகளோடு வெளியே நிற்பார். சைகை வந்ததும் எல்லோரும் உள்ளே போகிறார்கள். வலது கை, இடது கை தனித்தனி டம்ளரில் சோதிக்கப்படுகிறது. சட்டைப்பையில் பணம் இருந்தால் பையின் உட்பக்கத்தையும் வெளியே இழுத்து நனைப்பார்கள். கரைசல்கள் பாட்டில்களில் ஊற்றப்பட்டு, அரக்கு முத்திரையிட்டு, சாட்சிகள் கையெழுத்திட்ட சீட்டு ஒட்டப்பட்டு, நீதிமன்றம் வழியாகத் தடயவியல் ஆய்வகத்துக்குப் போகின்றன. நோட்டு எண்கள் மகஜரோடு ஒப்பிடப்படுகின்றன. பிறகு மீட்பு மகஜர், இட வரைபடம், கைது, வீட்டுச் சோதனை.

இந்தச் சங்கிலியில் எங்கெங்கே பழுது வரும் என்று தெரிந்தால் பாதி வழக்கு புரிந்துவிடும்.

பவுடர் தடவியவரே பின்னால் கைச்சோதனைக் கரைசலையும் கலக்கினால், நிறம் எங்கிருந்து வந்தது என்ற சந்தேகம் வரும். செயல்விளக்கத்தில் பவுடர் தொட்டவர் கையை நன்றாகக் கழுவினாரா, சோதனைக் குழுவோடு வந்தாரா என்பது மகஜரில் இருக்க வேண்டும். புகார்தாரர் கை குலுக்கியிருந்தாலும், மேஜை மேல் பணத்தை வைத்துவிட்டு நகர்ந்திருந்தாலும், சட்டைப்பைக்குள் திணித்திருந்தாலும் கையில் நிறம் வரும். அதனால்தான் கை மட்டும் நிறம் காட்டியதா, பணம் எங்கே கிடைத்தது, ஊழியர் நோட்டை எண்ணினாரா என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு கையாலும் எண்ணி வாங்கினார் என்று சாட்சி சொல்லி, ஒரு கை மட்டும் நிறம் காட்டியிருந்தால் அது சாதாரண முரண் இல்லை.

நேரக் கணக்கு இன்னொரு இடம். கற்பனையாக ஒரு வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தகவல் அறிக்கை காலை 10.30. ஒப்படைப்பு மகஜர் 11.00 முதல் 12.15 வரை. பொறி வைத்த அலுவலகம் 45 கிலோமீட்டர் தள்ளி. சோதனை 12.50 என்று எழுதியிருக்கிறது. 35 நிமிடத்தில் அந்தச் சாலையில் போய்ச் சேர்ந்து, வாகனத்தை நிறுத்தி, புகார்தாரர் உள்ளே போய், பேசி, பணம் கொடுத்து, சைகை காட்டுவது நடக்குமா? வண்டியின் பயணப் பதிவேட்டையும் செல்போன் கோபுரத் தகவலையும் வரவழைத்துப் பார்த்தால், மகஜர் சம்பவ இடத்தில் எழுதப்பட்டதா, பின்னால் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதப்பட்டதா என்று தெரிந்துவிடும். ஆவணங்களை அடுக்கி வைத்து ஒரு தாளில் நிமிட வாரியாக அட்டவணை போடாமல் எந்த வழக்கறிஞரும் குறுக்கு விசாரணைக்குப் போகக் கூடாது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) சட்டத்தின் 105-ஆவது பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. அந்தப் பதிவு தாமதமின்றி நடுவருக்குப் போக வேண்டும். புதிய வழக்குகளில் எதிர்த்தரப்பு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு, முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். பதிவு இல்லையென்றால் ஏன் இல்லை, இருந்தால் எந்த நிமிடம் விட்டுப்போயிருக்கிறது என்று பாருங்கள்.

கேட்டாரா என்பதே வழக்கு

'கோரிக்கை', அதாவது லஞ்சம் கேட்டது, நிரூபிக்கப்படாமல் 7-ஆம் பிரிவில் தண்டனை இல்லை. பணம் கைப்பற்றப்பட்டது மட்டும் போதாது. உச்ச நீதிமன்றம் இதைப் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகிறது. 2014-இல் பி. ஜெயராஜ் வழக்கில், ஆந்திராவில் ஒரு நியாயவிலைக் கடைக்காரரிடம் ரூ.250 கேட்டதாகக் குற்றச்சாட்டு. புகார்தாரரே நீதிமன்றத்தில் மாற்றிச் சொல்லிவிட்டார். பணம் கைப்பற்றப்பட்டிருந்தும் விடுதலை. 2015-இல் சத்தியநாராயண மூர்த்தி வழக்கில் புகார்தாரர் இறந்துவிட்டார், அங்கேயும் விடுதலை.

இந்த இரண்டையும் படித்துவிட்டு, 'புகார்தாரர் பிறழ்ந்தால் வழக்கு போச்சு' என்று பலர் முடிவுகட்டினார்கள். அது தவறு. 2022 டிசம்பர் 15 அன்று நீரஜ் தத்தா வழக்கில் 5 நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு இதைத் தெளிவாக்கியது. கோரிக்கையும் ஏற்பும் கட்டாயம் நிரூபிக்கப்பட வேண்டும். ஆனால் புகார்தாரர் இறந்தாலோ பிறழ்ந்தாலோ, வேறு சாட்சிகள் மூலமும் சூழ்நிலைச் சான்றுகள் மூலமும் அதை நிரூபிக்கலாம்.

அதே வழக்கின் முடிவையும் தெரிந்துகொள்ள வேண்டும். டெல்லியில் ஒரு கடைக்கு மின்மீட்டர் பொருத்த லஞ்சம் கேட்டதாக எழுந்த வழக்கு அது. சாட்சியம் அளிக்கும் முன்பே புகார்தாரர் இறந்துவிட்டார். அரசியல் சாசன அமர்வு சட்டக் கேள்விக்குப் பதில் சொன்னபின், மேல்முறையீடு 2 நீதிபதிகள் அமர்வுக்குத் திரும்பியது. 2023 மார்ச்சில் அந்த அமர்வு, இருக்கிற சான்றுகளில் கோரிக்கை நிரூபணமாகவில்லை என்று குற்றம் சாட்டப்பட்டவரை விடுவித்தது. சூழ்நிலைச் சான்று போதும் என்பதற்கு, எந்தச் சூழ்நிலையும் போதும் என்று பொருள் இல்லை. அடுத்த மாதமே திண்டுக்கல் லஞ்ச ஒழிப்புத் துறை தொடுத்த வழக்கில் ஒரு சார்பதிவாளரை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. காரணம் அங்கேயும் அதே: கோரிக்கைக்குச் சான்று இல்லை.

ஒரு பொறி வழக்கில் கோரிக்கை வழக்கமாக இரண்டு கட்டமாக வரும். புகார் கொடுக்கும் முன் கேட்டதாகச் சொல்லப்படுவது ஒன்று. பொறி நாளன்று, பணம் கைமாறும் முன் திரும்பக் கேட்டதாகச் சொல்லப்படுவது மற்றொன்று. முதல் கட்டத்துக்குப் பெரும்பாலும் புகார்தாரரைத் தவிர வேறு சாட்சி இருக்காது. அவர் சொல்லும் நாளில் ஊழியர் அந்த ஊரில் இருந்தாரா, விடுப்பில் இருந்தாரா, கூட்டத்தில் இருந்தாரா, இருவருக்கும் அன்று போன் பேச்சு நடந்ததா என்று பாருங்கள். இரண்டாம் கட்டத்தில் கூடப்போன சாட்சியின் வாக்குமூலத்தைச் சொல் சொல்லாகப் படியுங்கள். 'கொண்டு வந்தீங்களா?' என்று கேட்டதாக மட்டும் அவர் சொன்னால், எதை என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. சான்றிதழைக் கேட்டிருக்கலாம், ஆதார் நகலைக் கேட்டிருக்கலாம். அந்தச் சாட்சி எங்கே நின்றார், கதவுக்கு உள்ளேயா வெளியேயா, பேச்சு காதில் விழும் தூரமா என்பதை வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். வாசலில் நிறுத்தப்பட்ட சாட்சி வரைபடத்தில் 20 அடி தள்ளி இருப்பார், சாட்சிக் கூண்டில் மட்டும் ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டதாகச் சொல்வார்.

ஒலிப்பதிவு இருந்தால் கவனம் இன்னும் கூட வேண்டும். மின்னணுப் பதிவுக்கான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழ் (பழைய சாட்சியச் சட்டத்தில் 65-பி) இருக்கிறதா, பதிவுக் கருவி முத்திரையிடப்பட்டதா, குரல் மாதிரி எடுத்து ஒப்பிட்டார்களா என்று பாருங்கள். பதிவின் முழு நகலைக் கேட்டு வாங்குங்கள், எழுத்து வடிவத்தை மட்டும் நம்பாதீர்கள். இரைச்சலில் கேட்காத இடங்களை எழுத்து வடிவம் தனக்குச் சாதகமாக நிரப்பிவிடும்.

அனுமானம் எப்போது வரும்

ஊழல் தடுப்புச் சட்டத்தின் 20-ஆவது பிரிவைக் கண்டுதான் பலரும் பயப்படுகிறார்கள். ஊழியர் முறையற்ற ஆதாயத்தை ஏற்றார் என்று நிரூபணமானால், அதை லஞ்சமாகத்தான் ஏற்றார் என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். ஆனால் அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் நிரூபித்தாக வேண்டும். அதற்கு முன் அனுமானம் கிளம்பாது. கிளம்பிய பிறகும் அதை உடைக்கலாம். உடைக்க, சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை, 'இப்படி நடந்திருக்க வாய்ப்பு அதிகம்' என்ற அளவு போதும் என்பது உச்ச நீதிமன்றம் நெடுநாளாகச் சொல்லிவரும் விதி. அந்த அளவை எட்டுவதற்குத் தேவை ஆவணம். கடன் திரும்பி வந்தது என்றால், கடன் கொடுத்த நாளில் வங்கியிலிருந்து எடுத்த பதிவு, ஒரு வாட்ஸ்அப் செய்தி, விவரம் தெரிந்த ஒரு மூன்றாம் நபர் வேண்டும். வரி பாக்கி வசூல் என்றால் கேட்புப் பதிவேடும் ரசீதுப் புத்தகமும் வேண்டும். வெறும் வாய்வார்த்தை அனுமானத்தை உடைக்காது.

முதல் நாள் செய்ய வேண்டியது

பொறி விழுந்த நிமிடத்தில் ஓடுவது, பணத்தை வீசி எறிவது, கையைச் சட்டையில் துடைப்பது எல்லாம் பின்னால் 'நடத்தை' என்ற பெயரில் சான்றாக வரும். பயத்தில் செய்ததாக இருந்தாலும் வரும். அசையாமல் நில்லுங்கள்.

அதிகாரி, 'பணம் வாங்கினீர்களா?' என்று கேட்பார். போலீஸ் அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தை உங்களுக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. மௌனமாக இருக்கவும் உரிமை உண்டு. இருந்தாலும் உண்மையான விளக்கம் ஒன்று இருந்தால், அதை அங்கேயே ஒரே வாக்கியத்தில் சொல்லி, மகஜரில் எழுதச் சொல்வது நல்லது. நாலு வருடம் கழித்து முதல்முறையாகச் சொல்லும் விளக்கத்தை நீதிமன்றம் 'பின்யோசனை' என்று ஒதுக்கும். விளக்கம் உறுதியாக இல்லையென்றால் பேச வேண்டாம். அவசரத்தில் ஒன்று சொல்லிவிட்டு ஜாமீன் மனுவில் வேறொன்று எழுதுவதுதான் வழக்கைக் கெடுக்கும். கையெழுத்துக் கேட்டால் படித்துவிட்டுப் போடுங்கள். படிக்கத் தரவில்லையென்றால் அதையே கையெழுத்துக்கு மேல் எழுதுங்கள். கைதுக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தப்படும்போது, திணித்தார்கள் என்றோ அடித்தார்கள் என்றோ இருந்தால் அங்கேயே சொல்ல வேண்டும்.

அதற்கிடையில் வெளியே இருக்கும் குடும்பமும் வழக்கறிஞரும் செய்ய வேண்டிய வேலை அவசரமானது. அலுவலகத்திலோ எதிர்க்கடையிலோ சிசிடிவி இருந்தால், அதன் பதிவு சில வாரங்களில் மேலெழுதி அழிந்துவிடும். பாதுகாக்கச் சொல்லி முதலில் கடிதம் கொடுத்து, உடனே சிறப்பு நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். இருவர் செல்போன் அழைப்பு விவரங்களுக்கும் அதே வேலை. அந்த வாரத் தபால் பதிவேடு, தன்பதிவேடு (ஊழியர் தன்னிடம் வரும் கோப்புகளைப் பதியும் ஏடு), விண்ணப்பத்தின் இணையதள நிலை ஆகியவற்றின் தேதியிட்ட நகல்கள் வேண்டும். சில அலுவலகங்களில் ஊழியர் காலையில் கையில் கொண்டுவந்த பணத்தை எழுதும் பதிவேடு உண்டு. அந்த நாளின் பக்கத்தைத் தவறவிடாதீர்கள்.

7-ஆம் பிரிவு வழக்கில் கைதானவர் மீது 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை வரவில்லையென்றால், கேட்டால் ஜாமீன் கிடைக்கும் உரிமை பிறக்கிறது. 13-ஆம் பிரிவுக்கு 10 ஆண்டு வரை தண்டனை இருந்தாலும் குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டுக்குக் கீழே என்பதால் அங்கும் 60 நாள்தான் என்று 2017-இல் ராகேஷ் குமார் பால் வழக்கில் தீர்ப்பானது. ஆனால் கேட்க வேண்டும். குற்றப்பத்திரிகை தாக்கலானபின் கேட்டால் பயனில்லை. நடைமுறையில் பொறி வழக்குகளில் வழக்கமான ஜாமீனே பெரும்பாலும் அதற்கு முன்பு கிடைத்துவிடும்.

ஒப்புதல் ஆணை

அரசு ஊழியர் மீது நீதிமன்றம் வழக்கை ஏற்க, அவரைப் பணிநீக்கம் செய்ய அதிகாரமுள்ளவரின் ஒப்புதல் 19-ஆவது பிரிவின்படி தேவை. 2018-க்குப் பின் ஓய்வுபெற்றவர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. மூன்று மாதத்தில் முடிவெடுக்க வேண்டும், சட்ட ஆலோசனைக்காக மேலும் ஒரு மாதம். கெடு தாண்டினால் வழக்கே ரத்தாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சென்னை சி.பி.ஐ. தொடுத்த வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம், கெடு கட்டாயம், ஆனால் தாண்டியதால் மட்டும் வழக்கு விழாது என்று சொல்லிவிட்டது. விசாரணைக்கே முன் அனுமதி கேட்கும் 17-ஏ பிரிவும் பொறி வழக்கில் உதவாது, கையோடு பிடிபடும் வழக்குகளுக்கு அதிலேயே விலக்கு இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஒப்புதல் வழங்கிய அதிகாரிதான் வழக்கமாக அரசுத் தரப்பின் முதல் சாட்சி. அவரிடம் கேட்க வேண்டியவை சில. எந்தெந்த ஆவணங்களைப் பார்த்தார்? தடயவியல் அறிக்கை அப்போது வந்திருந்ததா? ஆணையின் வரைவு லஞ்ச ஒழிப்புத் துறையிலிருந்து வந்ததா? பணிநீக்கம் செய்யும் அதிகாரம் உண்மையில் யாருக்கு? ஒப்புதல் செல்லாது என்று நிரூபித்தாலும் அது முழு விடுதலை ஆகாது. 2015-இல் நஞ்சப்பா வழக்கில் சொன்னபடி, முறையான ஒப்புதல் பெற்று மறுபடி வழக்குத் தொடரலாம். ஆகவே இதை முதல் ஆயுதமாக மட்டும் நம்பி உட்காரக் கூடாது.

விசாரணையில் தவறும் இடங்கள்

குற்றப்பத்திரிகை நகல்கள் கிடைத்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் விடுவிப்பு மனு (சாட்சி விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து விடுவிக்கக் கேட்பது) போடலாம். பொறி வழக்கில் அது வெல்வது அரிது. ஆனால் அதற்கு முன் நகல்கள் முழுமையாக வந்தனவா என்று பட்டியலிட்டுப் பாருங்கள். அரசுத் தரப்பு கைப்பற்றிவிட்டு, பயன்படுத்தாமல் ஒதுக்கிய ஆவணங்களின் பட்டியலையும் கேளுங்கள். எதிர்த்தரப்புக்கு உதவுவது பல நேரம் அந்தப் பட்டியலில்தான் இருக்கும்.

நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு புகார்தாரரைக் கேட்கும் முதல் விசாரணை முடிந்த அன்றே குறுக்கு விசாரணை செய்யத் தயாராக இருங்கள். 2015-இல் வினோத் குமார் எதிர் பஞ்சாப் மாநிலம் என்ற பொறி வழக்கில், ஒரு முக்கிய சாட்சியின் குறுக்கு விசாரணை 20 மாதம் தள்ளிப்போனது. அதற்குள் அவர் மாறிவிட்டார். உச்ச நீதிமன்றம் தள்ளிவைப்பைக் கடுமையாகக் கண்டித்தது, தண்டனையும் உறுதியானது. அதோடு இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: புகார்தாரரையோ சாட்சியையோ நேரிலோ ஆள்வைத்தோ சந்தித்துப் 'பேசி முடிக்க'ப் பார்க்காதீர்கள். அது தனிக் குற்றம், ஜாமீன் ரத்தாகும். பிறழ்ந்த சாட்சி முதல் விசாரணையில் சொன்னதை நம்பியே தண்டிக்கவும் நீதிமன்றத்தால் முடியும்.

சாட்சிகள் முடிந்தபின் நீதிபதி குற்றம் சாட்டப்பட்டவரைக் கேள்வி கேட்கும் கட்டம் வரும் (பழைய 313, இப்போது பி.என்.எஸ்.எஸ். 351). ஐம்பது கேள்விக்கும் 'பொய்', 'தெரியாது' என்று சொல்லிவிட்டு வருவதைப் போல ஒரு வாய்ப்பை வீணாக்குவது வேறில்லை. பணம் மேஜையில் எப்படி வந்தது என்பதை அங்கே சொல்ல வேண்டும், எழுத்துமூல அறிக்கையும் தாக்கல் செய்யலாம். குறுக்கு விசாரணையில் சாட்சியிடம் வைத்த அதே விளக்கமாக அது இருக்க வேண்டும். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவின்படி குற்றம் சாட்டப்பட்டவர் தானே சாட்சிக் கூண்டு ஏறலாம். ஏறாததை அவருக்கு எதிராக எடுக்கக் கூடாது. ஏறினால் அரசு வழக்கறிஞரின் குறுக்கு விசாரணையைத் தாங்க வேண்டும். ஆவணம் கையில் பலமாக இருந்தால் ஒழிய, ஏற வேண்டாம்.

எடுபடாத வாதங்களையும் சொல்லிவிடலாம். 'அந்த வேலை என் அதிகாரத்தில் இல்லை' என்பது தனியாக நிற்காது. 'வேலையை முறைப்படியே செய்தேன்' என்பதும் அப்படித்தான். ஆதாயம் பெற்றதே குற்றம், வேலை சரியாக நடந்ததா என்பது முக்கியமில்லை என்று புதிய 7-ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. 'நான் வாங்கவில்லை, புரோக்கர் வாங்கினார்' என்பதும் போதாது, இடையாள் மூலம் பெறுவதும் குற்றமே. ஆனால் இந்த உண்மைகள் கோரிக்கையை உடைக்கப் பெரிதும் உதவும். பொறி நாளுக்கு ஒரு வாரம் முன்பே கோப்பு மேலதிகாரிக்குப் போய்விட்டது என்று தன்பதிவேடு காட்டினால், 'கையெழுத்துப் போட ரூ.5,000 கேட்டார்' என்ற கதை நிற்பது கடினம். புகார்தாரருக்கு ஏற்கெனவே பகை உண்டு என்பதும் அப்படியே. ஆக்கிரமிப்பை அகற்ற நோட்டீஸ் கொடுத்தது, விண்ணப்பத்தை நிராகரித்தது போன்றவற்றுக்குத் தேதியிட்ட தாள் இருந்தால் மட்டுமே அது வாதம்.

வேலையும் சம்பளமும்

காவலில் 48 மணி நேரம் தாண்டினாலே தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகள் 17(இ) படி சஸ்பெண்ட் ஆனதாகக் கருதப்படும். பிழைப்பூதியம் (சஸ்பென்ஷன் காலத்தில் தரும் பகுதிச் சம்பளம்) வரும், அதைக் கேட்டு வாங்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் துறையின் குற்றச்சாட்டுக் குறிப்பாணையோ குற்றப்பத்திரிகையோ தராமல் சஸ்பென்ஷனை நீட்டக் கூடாது, தந்திருந்தால் நீட்டிப்புக்குக் காரணம் எழுதிய ஆணை வேண்டும் என்று 2015-இல் அஜய் குமார் சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே விதிகளின் 17(பி) குறிப்பாணை வந்தால் பதிலை அவசரமாக எழுதாதீர்கள். அதில் எழுதும் ஒவ்வொரு வரியும் குற்ற வழக்கில் உங்கள் எதிர்வாதத்தை முன்கூட்டியே திறந்து காட்டும். உண்மைகள் ஒன்றே என்றால், குற்ற வழக்கு முடியும்வரை துறை விசாரணையை நிறுத்திவைக்க உயர் நீதிமன்றத்தைக் கேட்கலாம். தானாக நிற்காது. துறை விசாரணைக்கு வேண்டிய சான்றின் அளவு குறைவு என்பதால், நீதிமன்றத்தில் விடுதலையானவரும் அங்கே தண்டிக்கப்படலாம்.

சிறப்பு நீதிமன்றம் தண்டித்தால் மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்கு. சிறைத் தண்டனையை நிறுத்திவைப்பது பெரும்பாலும் நடக்கும். 'குற்றவாளி' என்ற தீர்ப்பையே நிறுத்திவைப்பது மிக அரிது, ஊழல் வழக்கில் பொது ஊழியருக்கு அதைத் தரக் கூடாது என்று 2001-இல் கே.சி. சரீன் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே பணிநீக்க ஆணை வரலாம். பின்னால் விடுதலை கிடைத்தால் அந்த ஆணையை ரத்துசெய்யக் கேட்கும் மனுவுக்கு விசாரணை நீதிமன்றத்தின் சாட்சிய நகல்களே அடிப்படை. ஒவ்வொரு சாட்சி முடிந்ததும் அன்றே நகலுக்கு விண்ணப்பித்து வரிசையாகக் கோப்பில் வைத்திருங்கள்.